அடிபடாத கால்

ஊரப்பாக்கம் தயாளன் இருபத்தாறு வருடமாக லிப்ட் மெக்கானிக். சர்க்கரை இருப்பது தெரிந்து ஏழு வருடம் ஆகிறது. நினைவு வந்தால் மாத்திரை போடுவார், இல்லாவிட்டால் இல்லை.

ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு வேன் அவருடைய பைக்கை இடித்துத் தள்ளியதில் இடது தொடை எலும்பு முறிந்தது. தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு.

"இது இறங்காம ஆபரேஷன் பண்ண முடியாது," என்றார் டாக்டர் திரிபுரசுந்தரி. "சுகர் இவ்வளவு இருந்தா புண் ஆறாது, ரத்தமும் சீக்கிரம் உறையும். கால்ல உறைஞ்சது நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து. எந்தக் கால்ல வலி வந்தாலும் உடனே சொல்லணும்."

காலில் எடை கட்டித் தொங்கவிட்டார்கள். இன்சுலின் ஒரு பக்கம், ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் ஊசி ஒரு பக்கம். இரண்டு முறை ஆபரேஷனுக்கு நாள் குறித்து, இரண்டு முறையும் தள்ளிப்போனது. எட்டாம் நாள்தான் சர்க்கரை நூற்றெழுபதுக்கு இறங்கியது. மறுநாள் காலை ஆபரேஷன் என்றதும் மனைவி ஈவ்லின் கண்ணீரோடு ஜெபம் பண்ணினார்.

அன்று மத்தியானம் தயாளனின் வலது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. அடிபடாத கால். போர்வைக்குள் கைவிட்டுத் தொட்டார். வீங்கி இறுகியிருந்தது, சுட்டது. சொன்னால் மறுபடியும் தள்ளிப்போடுவார்களே! நர்ஸ் கேட்டபோது, "ஒண்ணும் இல்லம்மா" என்று போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

சாயங்காலம் மூச்சு வாங்கியது. இருமினால் விலாவில் குத்தியது. கஞ்சியோடு வந்த ஈவ்லின் பதறிப்போனார்.

"ஏங்க, ஏன் இப்படி வேர்க்குது?"

"மத்தியானத்துலேர்ந்து இந்தக் கால் வலிக்குது, ஈவ்லின். மறைச்சிட்டேன். மூச்சு விட முடியல. டாக்டரைக் கூப்பிடு!"

ஈவ்லின் போர்வையை விலக்கிப் பார்த்தார். கஞ்சியை அப்படியே போட்டுவிட்டு அலறிக்கொண்டு ஓடினார்.

உறைந்த ரத்தத்தில் ஒரு துண்டு நுரையீரலில் போய் அடைத்திருந்தது. "இதோட காலையில மயக்க மருந்து கொடுத்திருந்தா டேபிள்லயே போயிருப்பாரும்மா," என்று டாக்டர் சொன்னது ஆக்சிஜன் முகமூடிக்குள் கிடந்தவர் காதிலும் விழுந்தது. நான்கு நாள் ஐ.சி.யூ.வில், கண்ணை மூடினால் திறக்க மாட்டோமோ என்று பயந்து பயந்தே கிடந்தார்.

பிழைத்துவிட்டார். ஆபரேஷன் மூன்று வாரம் கழித்துத்தான் நடந்தது. அதற்குள் முறிந்த எலும்பு கோணலாக ஒட்ட ஆரம்பித்திருந்ததால் இடது கால் சற்றுக் குட்டையாகிவிட்டது.

"நான் மறைச்சதாலதானா டாக்டர்?"

"உறைஞ்சது உங்களால இல்லைங்க. ஆனா அப்பவே சொல்லியிருந்தா, மேல போறதுக்குள்ள பிடிச்சிருக்கலாம்."

இப்போது கம்பெனி அவரை லிப்ட் குழிக்குள் இறங்க விடுவதில்லை. காட்டாங்குளத்தூர் ஆபீசில் போன் எடுக்கிறார். ஈவ்லின் தினமும் காலையில் அவருடைய இரண்டு கால்களையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் டிபன் எடுத்துவைக்கிறார்.