மூன்று மாதம் மூடிவைத்த செய்தி

முதல் தடவை கரு கலைந்தபோது என் மாமியார் கண்டுபிடித்த காரணம் கண்ணேறு. நாள் தள்ளிப்போனதுமே ஊர் பூராவும் போன் போட்டுச் சொன்னால் கண் படாமல் என்ன செய்யும் என்று என்னைக் கேட்டார். போன் போட்டது அவர் பெற்ற பிள்ளை. அதை யார் போய்ச் சொல்வது? அதனால் இரண்டாவது முறை உண்டானதும் வீட்டில் சட்டம் வந்துவிட்டது. மூன்று மாதம் முடிகிற வரை மூச்சு விடக் கூடாது. ஹைதராபாத் மாதாப்பூரில் என் ஆபீசுக்கும் தெரியக் கூடாது, மதுரையில் என் அம்மாவுக்கும் தெரியக் கூடாது.

டாக்டரம்மா வேறு மாதிரி பேசினார். பப்பாளி, மாடிப்படி என்று நான் அடுக்கியதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, ஃபோலிக் ஆசிட் மாத்திரையை விடாதே, காய்ச்சல் வந்தால் உடனே வா என்றார். ரத்தப் பரிசோதனையைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. ரூபெல்லா என்கிற அம்மைக்கு என் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை. உண்டாவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டிய ஊசி, இப்போது போட முடியாது. பிள்ளைகளுக்கு அது லேசாக வந்து போய்விடும், வயிற்றில் இருக்கும் கருவுக்குத்தான் எமன். காய்ச்சலோ தடிப்போ உள்ள குழந்தை பக்கம் போகாதே, அக்கம்பக்கத்தில் விஷயத்தைச் சொல்லிவை, அவர்களே பிள்ளைகளைத் தள்ளி வைத்துக்கொள்வார்கள் என்றார்.

மாமியாரிடம் அப்படியே சொன்னேன். டாக்டருக்கு ஊர்க்கண்ணைப் பற்றி என்ன தெரியும் என்றார். என் வீட்டுக்காரர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் மட்டும் என்ன கிழித்திருப்பார்!

கச்சிபௌலியில் எங்களுக்கு எதிர் ஃபிளாட்டில் ஒரு கோயம்புத்தூர்ப் பெண் இருந்தாள். நான் வீட்டிலிருந்து வேலை பார்த்த ஒரு நாள், மூன்று வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். கீழே கேப் வந்துவிட்டது, மத்தியானம் வரை பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். பையனின் கழுத்தில் சின்னச் சின்னதாகச் சிவப்பு. வெயிலுக்கு வேர்க்குரு என்றாள். நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். நான் மாசமாக இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள். அதற்குள் மாமியார் கையை நீட்டி அவனை வாங்கிவிட்டார். அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு அவனை என் மடியில் உட்கார வைத்தார்.

"உண்டானவ மடியில ஆம்பளப் பிள்ளை உக்காந்தா நல்லதுத்தா. பேசாம இரு."

வேர்க்குரு மாதிரி தெரியவில்லை அத்தை என்று முனகினேன். முறைத்தார். பையன் தெலுங்கில் "நீள்ளு, நீள்ளு" என்று தண்ணீர் கேட்டான். என் டம்ளரிலேயே கொடுத்தேன். பாவம், உடம்பு கணகணவென்று சுட்டது.

மறுநாள் அவர்கள் வாசலில் வேப்பிலை செருகியிருந்தது.

அதன் பிறகு எனக்கும் தடிப்பு வந்தது, காய்ச்சல் வந்தது, முட்டிக்கு முட்டி வலித்தது. அடுத்த ஸ்கேனில் டாக்டரம்மா வெகுநேரம் திரையையே பார்த்தார். துடிப்பு இல்லை. கரு கலைவதற்குப் பல காரணங்கள் உண்டு, இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷி.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்தபோது எதிர் வீட்டுப் பெண் எப்படியோ தெரிந்துகொண்டு வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா உங்க வாசப்படியே மிதிச்சிருக்க மாட்டனேங்க்கா."

அவள் மேல் எனக்குத் துளியும் கோபம் வரவில்லை. கோபமெல்லாம் அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தது. அவள் போனதும் மாமியார் கஞ்சியோடு வந்து என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"நல்ல வேளை, யாருக்கும் சொல்லல. சொல்லியிருந்தா இப்ப ஊருக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டு இருக்கணும்."

அன்று சாயங்காலம் அம்மா வழக்கம்போல் போன் செய்தாள். வெயில் எப்படி, என்ன குழம்பு என்றெல்லாம் கேட்டுவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"விசேஷம் ஏதாவது உண்டாடி?"

இல்லம்மா என்றேன்.