பெண் பார்க்கப் போன இடத்தில் இறுகிய சக்கரம்

கன்னையாவுக்கு முப்பத்தொன்பது வயதாகியும் கல்யாணம் ஆகாததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. இலங்கையில் தெஹியோவிட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்து ஃபெக்டரியில் அவர் மெக்கானிக். ரோலர் நின்றாலும், தண்ணீர் பம்பு நின்றாலும், துரையின் ஜீப் நின்றாலும் "கன்னையா பாஸைக் கூப்பிடு" என்பார்கள்; கைத்தொழில் தெரிந்தவருக்கு அங்கே பாஸ் என்று பேர். பெண் பார்க்க நாள் குறித்த இரண்டு தடவையும் ஏதோ ஒன்று நின்றது. இரண்டாம் தடவை அவர் போய்ச் சேர்ந்தபோது பெண்ணுக்கு வேறு இடத்தில் பரிசமே போட்டிருந்தார்கள். வந்ததற்கு அந்த வீட்டுத் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்து கொடுத்து, சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

மூன்றாம் தடவை, 1996 ஆவணியில், தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் இரத்தினசபாபதி முன்னால் நின்றார். கன்னையாவுக்குத் தாய் தகப்பன் இல்லை. கிளாக்கர் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரர். ஒரு பழைய மொரிஸ் மைனர் கார் வைத்திருந்தார். ஓட்டுவதைவிடக் கழுவுவதுதான் அதிகம்.

"பஸ்ஸிலை போனா ஆர் மதிப்பினம்? என்ரை காரிலை போவம்" என்றார்.

"ஐயா, முன் சக்கரத்துல ஒரு சத்தம் வருதுங்களே."

"அது நாலு வரியமா வருது. பழகின சத்தம், பயப்படாதையும்."

பழகிய சத்தம் கடைசி ஏற்றத்தில் அலறலாக மாறியது. பெண் வீடு இருந்த லயத்து வீட்டு வரிசைக்கு நேர் முன்னால் சக்கரம் அப்படியே பிடித்துக்கொள்ள, கார் ஒரு பக்கமாக இழுத்து நின்றது. சக்கரத்தின் நடுவிலிருந்து புகை வந்தது. லயத்துச் சனம் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது.

பெண்ணின் தகப்பன் அழகமுத்து துண்டைச் சரிசெய்துகொண்டு ஓடி வந்தார். "வாங்க, வாங்க. மாப்புள எங்கங்க?"

கிளாக்கர் காருக்கு அடியைக் காட்டினார். "அந்தா ரெண்டு கால் தெரியுதே, அதுதான்."

கன்னையா வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கார்க் கதவில் மாட்டியிருந்தார். பெண் பார்க்க வந்தபோதும் சாமான் பையை விட்டுவிட்டு வரவில்லை. வெளியே வந்து, ஜாக்கி போடுவதற்கு முன்பே நட்டுகளைத் தளர்த்தப் பார்த்தார். நான்கும் துருவேறி போல்ட்டோடு ஒன்றாகிப் போயிருந்தன. ஸ்பேனரைப் போட்டு முழுப் பலத்தோடு அமுக்கியும் அசையவில்லை.

"சுத்தியல் கொண்டாரவா பாஸ்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"வேணாங்க. ஓங்கி அடிச்சா நட்டு வராது, போல்ட்டுதான் ஒடையும்."

மண்ணெண்ணெய் வாங்கி நட்டுகளின் மேல் விட்டு, ஊறட்டும் என்று பக்கத்திலேயே குந்தினார். கால் மணி நேரம் கழித்து, தலை நிமிராமலே, "கொஞ்சம் சுடுதண்ணி கெடைக்குமாங்க?" என்று கேட்டார்.

தேநீருக்குக் கொதித்த கேத்தல் வந்தது.

"நட்டு மேலேயே மெதுவா ஊத்துங்க. இன்னும் கொஞ்சம். ஆ, போதுங்க அக்கா."

லயமே சிரித்தது. நிமிர்ந்து பார்த்தார். பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாகக் கேத்தலோடு நின்றது பெண். இருளாயி. முப்பத்திரண்டு வயது, ரப்பர் மரத்தில் பால்வெட்டும் வேலை, நல்ல கட்டுமஸ்தான உடம்பு. அதற்கு முன்பு பார்க்க வந்த ஒருவர் தேநீர் ஆறிப்போனதென்று தம்ளரைத் தள்ளிவிட, எழுந்து உள்ளே போனவள் வெளியே வரவே இல்லை.

கன்னையாவுக்கு முகம் கறுத்ததா சிவந்ததா என்று சொல்ல முடியாதபடி முகமெல்லாம் கிரீஸ். ஒரு நீளமான இரும்புக் குழாயை ஸ்பேனர் பிடியில் செருகி, அதன் நுனியில் ஏறி நின்றார். குழாய் அசையவில்லை. குதித்தும் பார்த்தார். காய்ந்த ரப்பர் ஷீட்டைப் போல எடையில்லாத மனிதர்.

"நீங்க எறங்குங்க, நான் ஏறுறேன்" என்றாள் இருளாயி.

"சேல அழுக்காயிடுங்க."

"தொவச்சா போவுது."

கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கன்னையாவின் தோளைப் பிடித்துக் குழாயில் ஏறி நின்றாள். டக்கென்று ஒரு சத்தம். போல்ட்தான் போய்விட்டதோ என்று எல்லோரும் குனிந்தார்கள். இல்லை, நட்டு திரும்பியிருந்தது. மற்ற மூன்றுக்கும் அவளே ஏறினாள்.

சக்கரம் வந்தது, ஹப்பும் வந்தது. பேரிங்கின் உள்வளையம் மட்டும் அச்சைக் கவ்விக்கொண்டிருந்தது. கன்னையா உளியை வைத்து மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு, இடப்பக்கம், வலப்பக்கம் என்று சுற்றிச் சுற்றித் தட்டினார்.

கிளாக்கருக்குப் பொறுக்கவில்லை. "ஓங்கி ஒண்டு போடும் ஐசே!"

"ஒரு பக்கமா அடிச்சா கோணிக்கிட்டு இன்னும் இறுகிடுங்கய்யா. அது வரும். அவசரப்பட்டா வராது."

முக்கால் மணி நேரம் ஆனது. இருளாயி உள்ளே போகாமல் படியிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வளையம் வழுக்கிக்கொண்டு கையில் விழுந்தது. உள்ளே கிரீஸ் காய்ந்து கருப்பட்டிபோல் கட்டியிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்ததில் குண்டுகளில் ஒன்றில் மட்டும் சின்னக் குழி. "மெதுவா போனா வண்டி வீடு போய்ச் சேர்ந்துடுங்கய்யா" என்று புதுக் கிரீஸ் அடைத்துப் பூட்டினார்.

அதற்குப் பிறகுதான் பெண் பார்க்கும் சடங்கு நடந்தது. தேநீர் மறுபடி போடவேண்டியிருந்தது. எவ்வளவு கழுவியும் கறுப்புப் போகாத கையை நீட்டக் கூச்சப்பட்டு கன்னையா மடியிலேயே வைத்திருக்க, இருளாயி தம்ளரை அந்தக் கையிலேயே வைத்தாள்.

"பொண்ணுகிட்ட ஏதும் கேக்கணுமா?" என்றார் அழகமுத்து.

கன்னையா தம்ளரைக் கீழே வைத்தார். "கொழாய்ல ஏறுனப்ப பயமா இல்லீங்களா?"

"போல்ட் ஒடஞ்சிடுமோன்னுதான் பயந்தேன்."

தகப்பன் மகள் பக்கம் திரும்பினார். "ஒனக்கு எப்புடிம்மா?"

"ரெண்டு மணி நேரமா அந்த இரும்பு இவரப் படாத பாடு படுத்திருச்சு. ஒரு கெட்ட வார்த்த வரலப்பா. கட்டிக்கிறேன்" என்றாள் இருளாயி, எல்லோருக்கும் கேட்கும்படி.

தை மாதம் கல்யாணம் நடந்தது. ஏழு வருடம் கழித்துத் தெஹியோவிட்டை ரோட்டோரம் ஒரு ஷெட் எடுத்து, இரண்டு பேருமாகப் பஞ்சர் ஒட்டவும் சக்கர வேலை செய்யவும் தொடங்கினார்கள். சிங்கள வேன் டிரைவர்கள் இருளாயியை "பாஸ் நோனா", அதாவது மெக்கானிக் அம்மா, என்று கூப்பிட்டார்கள். ஷாமிளா என்று ஒரு மகள். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டையே இல்லை என்று சொன்னால் பொய். பேரிங் கழுவுவதற்கு அவர் சோற்றுச் சட்டியை எடுத்துவிடுவார், அவள் கத்துவாள், அவர் குனிந்த தலை நிமிராமல் சுற்றிச் சுற்றிக் கழுவிக்கொண்டே இருப்பார்.