குளிரில் இருந்த மூன்று பேர்

யுத்தத்தின் கடைசி வருஷங்கள். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு ஃபிளாட்டில் வாடகைக்கு இருந்தோம். நான், கணவர், எங்கள் கைக்குழந்தை, கணவரின் தம்பி. யாழ்ப்பாணத்தில் ஷெல் துண்டு முதுகெலும்பில் பட்டதில் தம்பிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தபடி, கடலில் கால் நனைக்கிற ஆட்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் மகன் சோதனைக்குழாய் முறையில் பிறந்தவன். பிரசவத்தில் இரத்தம் நிற்காமல் என் கருப்பையை எடுத்துவிட்டார்கள். அவனோடு சேர்ந்து உருவான மூன்று கருக்கள் கிளினிக்கில் உறைநிலையில் மிச்சம் இருந்தன.

ஒருநாள் டொக்டர் கூப்பிட்டுக் கதைத்தார். இனியும் அவற்றை வைத்திருக்க வசதியில்லை. வேறு தம்பதிக்குக் கொடுக்கவும் அங்கே வழியில்லை. அழித்துவிடலாம், அல்லது ஸ்டெம் செல் ஆராய்ச்சி செய்கிற வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்குக் கொடுக்கலாம். பழுதான நரம்பைத் திருத்த முடியுமா என்று அங்கே பார்க்கிறார்களாம்.

"ஆனா செல்லை எடுத்தா கரு மிஞ்சாது. இதால ஆரும் எழும்பி நடப்பினம் எண்டும் இப்ப சொல்ல ஏலாது" என்றார் டொக்டர், ஒன்றையும் மறைக்காமல்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் கணவர் மெல்லச் சொன்னார். "எப்பிடியும் அழியப்போறதுதானே. தம்பியை மாதிரி ஒருத்தனுக்கு உதவட்டுமே."

"அதுகளோட இருந்த ஒண்டுதான் இண்டைக்கு எங்கட வீட்டில தவழுது" என்றேன். வழியில் ஆமி செக்பொயின்ரில் அடையாள அட்டையை நீட்டியபோதுகூட என் கண்ணில் அந்த மூன்றும்தான். ஒன்றாவது பெண்பிள்ளையாக இருக்குமோ? எனக்குப் பெண்பிள்ளை ஆசை நிறைய.

விஷயம் தம்பிக்குத் தெரிந்துவிட்டது. நான் மகனுக்குச் சோறு தீத்திக்கொண்டிருக்கும்போது கிட்ட வந்தார்.

"அண்ணி, நடக்க ஆசையில்லை எண்டு சொன்னா பொய். ஆனா உங்களுக்கு அதுகள் பிள்ளையள் எண்டா, எனக்காகக் குடுக்க வேண்டாம்."

இவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டு, அதை என்மேல் சுமத்தாத மனிதர். அவர் அப்படிச் சொன்னபிறகுதான் என்னால் அமைதியாக யோசிக்க முடிந்தது. கொடுக்கலாம் என்று நானே கணவரிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கிளினிக்கில் டொக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "ஒருக்காப் பாக்கலாமோ?"

உள்ளே கூட்டிக்கொண்டு போனார். மூடிய ஓர் உலோகக் கலம். திறக்க ஏலாது என்றார். கையை வைத்துப் பார்த்தேன். குளிரும் என்று நினைத்தேன், குளிரவில்லை. கையை எடுக்க மனம் வரவில்லை.

யுத்தம் முடிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. தம்பி இன்னும் நாற்காலியில்தான். நான் செய்தது சரியா என்று கேட்டால் இன்றைக்கும் பதில் தெரியாது. ஆனால் உலகத்தில் எங்கேயோ, நடக்க முடியாத ஒருவர் எழும்பி நின்றார் என்று கேள்விப்பட்டால், தூர தேசத்தில் இருக்கும் என் பிள்ளையைப் பற்றி ஆரோ வந்து சொன்னது போல மனம் அந்தப் பக்கம் ஓடிவிடுகிறது.