தாய்மாமன் மடியும் நீடாமங்கலம் கேட்டும்

என் தங்கை மகள் யாழினிக்கு ஐந்து வயது. இன்னும் காது குத்தவில்லை. காரணம் நான்தான், சரியாகச் சொன்னால் என் பெருங்குடல். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்த வேண்டும்? எனக்கோ அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உள்பக்கம் புண்ணாகும் நோய். அது கிளம்பும் நாட்களில் சொல்லாமல் கொள்ளாமல் கழிப்பறைக்கு ஓட வைக்கும். ஊரே கூடியிருக்க, மடியில் குழந்தையோடு சம்மணம் போட்டிருக்கும்போது வந்துவிட்டால்? இந்த நினைப்பிலேயே ஒன்றாம் வயதிலும் மூன்றாம் வயதிலும் ஏதேதோ சாக்குச் சொல்லித் தப்பித்தேன். "ஐஞ்சுலயும் விட்டா அப்புறம் ஏழுதாண்ணே. இந்த மாசியில நீ வந்தே ஆகணும்" என்று தங்கை போனில் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

எனவே சென்னையிலிருந்து நான்கு நாள் முன்னதாகவே ரயிலில் கிளம்பித் திருவையாறு போனேன். தஞ்சாவூரிலிருந்து பதிமூன்று கிலோமீட்டர், டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். குடல் அழற்சி உள்ளவர்களுக்கென்றே அங்கே ஒரு சிறிய யோகா முகாம். மாசியில் காவிரியில் தண்ணீரை எதிர்பார்க்காதீர்கள், மணல்தான். ஆனால் காலை ஆறு மணிக்கு அந்தக் கரையில் பாய் விரித்து உட்கார்ந்தால் எழுந்துவர மனம் வராது.

யோகா டீச்சருக்கும் இதே நோய்தான். அவர் எடுத்த எடுப்பில் கேட்டது: "மாத்திரைய நிறுத்திட்டு வந்தவங்க யாராச்சும் இருக்கீங்களா? இருந்தா பாயைச் சுருட்டிக்கிட்டு மொதல்ல டாக்டரைப் போய்ப் பாருங்க." எனக்கு அவரை உடனே பிடித்துப்போனது. "வயித்துல சூடுடா, மோர் குடி" என்று வைத்தியம் சொல்லும் சொந்தக்காரர்களுக்கு மத்தியில் வாழ்கிறவன் நான். நோய் கிளம்பியிருப்பவர்களுக்கு வயிற்றை முறுக்கும் ஆசனமோ, மூச்சை வெடுக்கென்று தள்ளும் கபாலபாதியோ கிடையாது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வயிற்றில் கை வைத்து, மூச்சை நிதானமாக விடச் சொல்வார். மனம் எங்கே ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என் மனம் கழிப்பறைக்குத்தான் ஓடியது.

அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "அவசரமா வர்ற மாதிரி இருந்தா அஞ்சு மூச்சு விட்டுப் பாருங்க. பயம்னா அடங்கும். நெசம்னா அடங்காது, எந்திரிச்சுப் போயிடுங்க. அதுல என்ன வெக்கம்?" பயமும் அவசரமும் வேறு வேறு என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

நான்காம் நாள் காலை தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் நாகப்பட்டினம் பஸ் ஏறினேன். ஏறத்தாழ எண்பத்தைந்து கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம், கட்டணம் நூறு ரூபாய்க்குள். நோய் வந்த பிறகு நான் ஏறிய முதல் வெளியூர்ப் பஸ் இதுதான். படிக்கட்டுக்குப் பக்கத்து சீட்டாகப் பிடித்துக்கொண்டேன். சம்பா அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து பச்சைப் பசேலென்று நின்றது. அம்மாப்பேட்டை தாண்டும்வரை ராஜா மாதிரி வேடிக்கை பார்த்தேன்.

நீடாமங்கலத்தில் கேட் போட்டுவிட்டார்கள். அந்த ரயில்வே கேட்டைத் திட்டாத டெல்டாக்காரர் கிடையாது. எவ்வளவு நேரம் ஆகும் என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"நெல்லு ஏத்துற கூட்ஸு சார். முன்னாடி போவான், பின்னாடி வருவான். அவனுக்கே தெரியாது."

அவ்வளவுதான், வயிறு புரண்டது. பக்கத்து சீட்டுக்காரர் நான் நெளிவதைப் பார்த்து, "என்ன சார் அவசரம்? ரயில் போனா பஸ் போயிடும்" என்றார். அவர் சொன்ன அவசரம் வேறு, என் அவசரம் வேறு! கண்ணை மூடி மூச்சை விட்டேன். ஒன்று, இரண்டு. நான்காவது மூச்சில் வயிறு இளகியது. வெறும் பயம்! ஒரு சரக்கு ரயில் முழுவதும் கடந்துபோவதை அத்தனை சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.

இந்த வழியில் வர நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். திருவாரூர் பேருந்து நிலையத்தில் கட்டணக் கழிப்பறை உண்டு, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுத் துணி, மாத்திரை இரண்டும் கைப்பையிலேயே இருக்கட்டும். யோகாவால் நோய் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எனக்குப் போகவில்லை. தங்கப்போகும் வீட்டில் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நாகூருக்குப் பக்கத்துக் கடலோர ஊரில் இருக்கும் தங்கை வீட்டில் நானும் அதைத்தான் செய்தேன். படகு வைத்திருக்கும் மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். "கடல்ல எங்களுக்கு மட்டும் அட்டாச்டு பாத்ரூமா இருக்கு மச்சான்? வந்தா சொல்லுங்க, போங்க, வாங்க."

மறுநாள் மாரியம்மன் கோயில் பந்தலில், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு யாழினி என் மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியை எடுத்தார். வயிறு புரண்டது. ஐந்து மூச்சு விட்டேன். அடங்கவில்லை. இது நிஜம்.

"ஆசாரி, பத்து நிமிஷம் இருங்க. எனக்கு வயிறு சரியில்ல" என்று பந்தலுக்கே கேட்கும்படி சொன்னேன்.

"போயிட்டு வாங்க. ஊசி எங்க ஓடிடப் போவுது?" என்றார் அவர்.

இத்தனை வருடம் நான் பயந்து நடுங்கிய விஷயம் அத்தோடு முடிந்தது. திரும்பி வந்தபோது தங்கை யாருக்கோ காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். யாழினி மறுபடி மடியேறினாள். "மூச்ச மெதுவா விடு கண்ணு" என்றேன். அவள் ஊதி முடிப்பதற்குள் ஒரு காது முடிந்துவிட்டது. வீல் என்று அழுது ஓய்ந்தவள், ஆசாரி அடுத்த காதுப் பக்கம் நகர்வதைப் பார்த்ததும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ரகசியமாகக் கேட்டாள்:

"மாமா, உங்களுக்கு மறுபடி வயிறு வலிக்கலையா?"