கடைசிச் சோடி

றெஜினோல்ட் என்னிடம் முதன்முதலாகப் பேசியது மைக்கில். மண்டபம் நிறைய ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இந்தியாத் தம்பி, வலக்கை எது எண்டு உங்கட யூனிவர்சிட்டியிலை கடைசி வருசமோ படிப்பிக்கிறவை?"

2006 இலையுதிர் காலம். ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் சனிக்கிழமை மாலைகளில் தமிழர்கள் கூடும் மண்டபத்தில் தின்ன நல்ல றோல்ஸ் கிடைக்கும் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்தவன் நான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள், ஆராய்ச்சிப் படிப்புக்கு ஒஸ்லோ வரை வந்துவிட்டவன். அந்த மிடுக்கு நடையில் தெரிந்திருக்க வேண்டும். யாரோ ஒருவர் என்னை ஆட்ட வரிசைக்குள் தள்ளிவிட, நான் இடக்கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"வலது கை தெரியும்ணா. நீங்க சொல்ற வேகம்தான் பிடிபடல," என்றேன்.

"ஐயோ, வேகமில்லைத் தம்பி, தமிழ். உங்கட தமிழிலை கூப்பிட எனக்குத் தெரியாது. ஆராவது இவருக்கு இங்கிலீசிலை கையைக் காட்டிவிடுங்கோ."

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

அவர்கள் ஆடியது கொன்ட்ரா என்ற ஆட்டம். எதிரெதிரே இரண்டு நீள வரிசை. ஒவ்வொரு சோடியும் பக்கத்துச் சோடியோடு ஒரு சுற்று ஆடும்; பிறகு ஓர் இடம் நகர்ந்து அடுத்த சோடியைச் சந்திக்கும். வரிசையின் முனைக்கு வந்த சோடிக்கு எதிரே ஆள் இருக்காது. ஒரு சுற்று சும்மா நின்றுவிட்டு மறுபடி உள்ளே வர வேண்டும். அடுத்து என்ன செய்வது என்று ஆடுகிறவர்கள் யோசிக்க வேண்டியதில்லை. மேடையில் மைக்கோடு நிற்பவர் தாளத்துக்குக் கொஞ்சம் முன்னால் கூவிச் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர்தான் றெஜினோல்ட்.

திருகோணமலைக்காரர். எண்பதுகளின் கடைசியில் நோர்வேக்கு வந்து, வடக்கே மீன் தொழிற்சாலையில் கை விறைக்க வேலை செய்து, பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கி இந்த மண்டபத்துக்கே வக்ட்மெஸ்டர் ஆனவர். கதவு திறப்பது, நாற்காலி அடுக்குவது, குழாய் திருத்துவது, கடைசியாகப் பூட்டுவது எல்லாம் அவர் வேலை. புதன்கிழமைகளில் நோர்வேக்காரர் சிலர் அங்கே கொன்ட்ரா ஆடுவார்கள். பூட்டுவதற்காகக் காத்திருந்தவரை, ஆள் குறைந்த ஒரு நாளில் உள்ளே இழுத்தார்கள். பிறகு, கூப்பிடும் அமெரிக்கப் பெண்ணுக்குத் தொண்டை கட்டிய ஒரு நாளில், மைக்கையும் கொடுத்தார்கள். அதன்பின் அவர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை; சனிக்கிழமைகளில் தமிழர்களையும் ஆடவைத்தார்.

அவருக்கு அது பிறவியிலேயே வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். எழுதி வைத்த அழைப்பை அவர் ஒருநாளும் அப்படியே கூப்பிட்டதில்லை. கிழவர்களுக்கு மூச்சு வாங்கினால் ஒரு சுழற்சியை வெட்டிவிடுவார். பிள்ளைகளுக்கு அலுத்தால் நடுவில் கைதட்டலைச் சொருகுவார். அந்நிய ஆணின் கையைப் பிடிக்க எங்கள் பெண்கள் கூசியபோது, "லேஞ்சியைப் பிடி, ஆளைச் சுத்து" என்று கைக்குட்டையின் இரு முனையைப் பிடித்து ஆடவைத்தார். யார் எந்த நொடியில் எங்கே நிற்பார் என்பது அவர் கண்ணுக்கு முன்கூட்டியே தெரியும். அதே கண்ணை வைத்துத்தான் ஆட்களைச் சொல்லால் கடித்தார்.

அவருடைய மனைவி தங்கேஸ்வரி. அந்த மண்டபத்தில் அவரைவிட நன்றாக ஆடியவர்கள் இல்லை. அந்த டிசம்பரில், நத்தார் என்று அவர்கள் சொல்லும் கிறிஸ்துமஸ் ஒன்றுகூடலில் அவர் வரிசையில் வந்து நின்றதும் றெஜினோல்ட் மைக்கில் சொன்னார்:

"தங்கேஸைச் சுத்துறவை பயப்பிடாமல் சுத்துங்கோ. காய்க்காத மரம். எப்பிடி உலுப்பினாலும் ஒண்டும் விழாது."

பிள்ளை இல்லாத பெண். சிரித்தவர்களும் இருந்தார்கள். மறுநாள் அவர் லோறென்ஸ்கூக்கில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

தமிழ்ச் சங்கத்தில் பெரியவரான கனகரத்தினம் இருவருக்கும் நடுவே நின்று பேசினார். ஜனவரியில், மண்டபத்துச் சமையலறையில், நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, தங்கேஸ்வரி தன் நிபந்தனையைச் சொன்னார்.

"கோடை லீவு மட்டும் பாப்பன் அண்ணை. அது வரைக்கும் மைக்கிலை என்னைப் பற்றி ஒரு சொல் வரக்கூடாது. நான் ஆட வருவன். கடைசி ஆட்டம் முடிய சாமானோடை வீட்டை போறன். ஒரு சொல் வந்தாலும் அதோடை சரி."

"ஓமெண்டு சொல்லும்," என்றார் கனகரத்தினம், கதவடியில் நின்ற றெஜினோல்டைப் பார்த்து.

"ஓம்," என்றார் அவர். மனைவி இல்லாத வீட்டில் மனிதர் பாதியாகியிருந்தார். சட்டைக் கொலர் அழுக்கு. தங்கேஸ்வரி திரும்ப வர வேண்டும் என்பதைத் தவிர அந்த மாதங்களில் அவருக்கு வேறு பேச்சில்லை.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மனைவியைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆனால் வரதராசா என்று ஒருவர் இருந்தார். பஸ் ஓட்டுபவர், பெரிய உடம்பு, மனைவியை இழந்தவர். கால் மிதிப்பார் என்று அவரோடு சோடி சேர யாரும் வரமாட்டார்கள். தங்கேஸ்வரி மட்டும் இரக்கப்பட்டு அவரோடு ஆடுவார். றெஜினோல்டுக்கு அது பொறுக்கவில்லை.

"லொறி வருது, விலத்துங்கோ! வரதர், கியரை மாத்தும், றிவேர்சிலை போறீர்!"

அது வரதராசாவைப் பற்றிய சொல், நிபந்தனையில் அடங்காது. பிறகு வாயையும் மூடிக்கொண்டார். அழைப்பாலேயே அடித்தார். தங்கேஸ்வரியிடம் வரதராசா வந்து சேரும் நொடியில் அழைப்பைத் திருப்புவார், அந்தப் பெரிய உடம்பு தவறான வரிசைக்குள் போய் முட்டும், எல்லாரும் சிரிப்பார்கள். தற்செயல் என்றுதான் நினைப்பார்கள். ஒருமுறை நானே அவரிடம் கேட்டேன்.

"வேணும்னே பண்றீங்களாண்ணா?"

"நான் ஏதும் சொன்னனானோ தம்பி?" என்றார். முகத்தில் அப்படியொரு திருப்தி.

தங்கேஸ்வரிக்குத் தெரியும். ஆடத் தெரிந்தவருக்குத் தெரியாமல் போகாது. ஆனாலும் ஜூன் மாதக் கடைசி ஆட்டத்துக்கு அவர் சூட்கேஸோடுதான் வந்தார். ஆட்டம் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோக அதைக் கனகரத்தினத்தின் காரில் ஏற்றி வைத்தவன் நான். றெஜினோல்ட் புதுச் சட்டை போட்டிருந்தார். வீட்டுக்குப் புதுத் திரைச்சீலை வாங்கியிருப்பதாக என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

இரவாகியும் வெளிச்சம் போகாத மாலை. பிடிலும் அக்கோர்டியனும் கடைசிப் பாட்டைத் தொடங்க, வரதராசா வழக்கம்போல ஆளில்லாமல் சுவரோடு நின்றார். தங்கேஸ்வரி போய் அவர் கையைப் பிடித்து வரிசையின் முனையில் கொண்டுவந்து நிறுத்தினார். மேடையில் றெஜினோல்டின் முகம் ஒரு நொடி மாறியது.

முனைச் சோடி ஒரு சுற்று நின்றது. அடுத்ததில் உள்ளே வர வேண்டும். "நகராதை! திரும்பவும் அதே சோடி!" என்று கூவினார் றெஜினோல்ட். யாரும் இடம் நகரவில்லை. ஆகவே முனையில் நின்றவர்கள் முனையிலேயே நின்றார்கள். அடுத்த சுற்றிலும் அதேதான். ஒவ்வொரு முறையும் புதுப் புது வேடிக்கையாக மாற்றி, பழைய இடத்துக்கே கொண்டுவந்து விட்டார். ஆடுகிறவர்களுக்கு ஒரே குதூகலம். அவ்வளவு அழகாக அவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மொத்த மண்டபமும் ஆட, இரண்டு பேர் மட்டும் எல்லார் கண்ணிலும் படும்படி ஓரத்தில் நின்றார்கள். அவமானப்பட்டு நடுங்கட்டும் என்றுதான் அவர் நினைத்தார்.

நான் முனைக்குப் பக்கத்துச் சோடி. அவர்கள் பேசியது காதில் விழுந்தது.

"என்னாலைதான் உங்களுக்கு இந்த நிலை. நான் போய் இருக்கட்டோ?" என்றார் வரதராசா.

"நில்லுங்கோ. உங்களாலை இல்லை."

ஒரு சுற்று போனது.

"கால் நோகேல்லையோ?" என்றார் தங்கேஸ்வரி.

"பஸ்ஸிலை குந்தியிருந்து ஓடுற கால். நிண்டு பழக்கமில்லை."

தங்கேஸ்வரி சிரித்தார். அதற்கு முன் அவர்கள் பேசிக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. ஆட்டத்தில் பேச நேரம் ஏது? இன்றைக்கு றெஜினோல்ட் கொடுத்திருந்தார். வரதராசா தன் மனைவி இறந்ததைச் சொன்னார். தங்கேஸ்வரி குனிந்து கேட்டார். பிறகு தங்கேஸ்வரி ஏதோ சொல்ல, வரதராசா கேட்டார்.

மேடையிலிருந்து றெஜினோல்ட் அதைப் பார்த்துவிட்டார். குரல் தடுமாறியது.

"கடைசிச் சோடி, உள்ளுக்கு வாங்கோ!"

அவர்கள் வரவில்லை. "கடைசிச் சோடி!" என்று மறுபடி கூவினார். தங்கேஸ்வரி அவரைப் பார்க்காமலே கையை உயர்த்தி வேண்டாம் என்று அசைத்தார். பேச்சு தொடர்ந்தது.

இசை நின்றதும் தங்கேஸ்வரி மேடைக்கு நடந்தார். றெஜினோல்ட் மைக்கை அணைக்க மறந்து குனிந்தார்.

"பாத்தீரே தங்கேஸ், ஒரு சொல் சொன்னனானோ? இவ்வளவு நாளும் ஒரு சொல்?"

எல்லாருக்கும் கேட்டது.

"இல்லை. சொல்லேல்லை," என்றார் தங்கேஸ்வரி. மைக்கை றெஜினோல்டின் கையிலிருந்து வாங்கி மண்டபத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"இந்த வருசம் முழுக்க எங்களை ஆட்டி வைச்ச றெஜினோல்ட் அண்ணைக்கு எல்லாரும் ஒருக்காக் கை தட்டுங்கோ."

கட்டிய புருசனை அண்ணை என்றார். முதலில் பிள்ளைகள்தான் தட்டினார்கள். பிறகு யாரோ கக்கென்று சிரிக்க, மண்டபமே சிரித்துத் தட்டியது. அவரால் காயப்படாதவர்கள் அங்கே குறைவு. நானும் தட்டினேன், பலமாகவே தட்டினேன். றெஜினோல்ட் மேடையில் நின்று, பழக்கத்தில், கை தட்டியவர்களுக்குத் தலை குனிந்தார்.

காரிலிருந்து சூட்கேஸை இறக்கியது வரதராசா.

அடுத்த வாரம் கனகரத்தினம் மண்டபத்துக்கு வந்து, "கூப்பிடுறது நீரே கூப்பிடும். வேற ஆளில்லை. ஆனால் எழுதினதை மட்டும் வாசியும். ஒண்டும் மாத்தக்கூடாது," என்றார். றெஜினோல்ட் ஓம் என்றார்.

தங்கேஸ்வரியும் வரதராசாவும் இப்போது லோறென்ஸ்கூக்கில் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். றெஜினோல்ட் அம்மருட்டில் ஓர் அறை வீட்டில் இருக்கிறார். மண்டபத்து வேலை இருக்கிறது. சனிக்கிழமைகளில் தாளைப் பார்த்துக் கூப்பிடுகிறார்.