நாற்பது விநாடி ஊளை

என் அத்தை மகனைப் பழிவாங்கத்தான் நான் நாய்ஸ் ராக் என்கிற இரைச்சல் இசையைக் கேட்க ஆரம்பித்தேன். இசையை யாராவது இப்படி ஒரு காரணத்துக்காகத் தேடிப் போவார்களா என்று கேட்டால், நான் போனேன், அவ்வளவுதான்.

அதற்கு முன் பல வருஷமாக எனக்கு ஹெவி மெட்டல் இசைமேல் பைத்தியம். கல்லூரி விடுதியில் ஒருத்தி தன் ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டாள். அன்று பிடித்தது. கோபத்தை இவ்வளவு ஒழுங்காக, இவ்வளவு வேகமாக, ஒரு அடிகூடப் பிசகாமல் வாசிக்க முடியும் என்பதே எனக்கு ஆச்சரியம். அரிமளத்திலிருந்து புதுக்கோட்டைக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் அதையேதான் கேட்பேன். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க அடுத்தவர் கைநரம்பைத் தேடிக்கொண்டிருக்கிறவளுக்கு அந்த ஒழுங்கு தேவைப்பட்டது.

அத்தை மகனுக்கு அந்த இசையைக் காட்டியவள் நான். எந்த ஆல்பத்தில் தொடங்க வேண்டும், எது அடுத்து, எதைத் தொடவே கூடாது என்று கோடு போட்ட நோட்டில் எழுதிக் கொடுத்தேன். அவன் கிடார் வாங்கினான், கற்றுக்கொண்டான், மூன்று பேரைச் சேர்த்து ஒரு குழு ஆரம்பித்தான். நன்றாகவே வாசித்தான். அதைச் சொல்லாவிட்டால் நான் பொய்க்காரி.

பிறகு ஒரு யூடியூப் சேனல்காரன் அவனைப் பேட்டி எடுத்தான். "எங்க பக்கம் இந்த மியூசிக்க யாரும் கேட்டதில்ல ப்ரோ. நானா தேடித் தேடிக் கண்டுபிடிச்சதுதான்" என்றான். வீடியோவில் அவனுக்குப் பின்னால் இருந்த மேஜையில் என் நோட்டு கிடந்தது. குழுவின் வாட்ஸப்பில் போய், அந்த நோட்டு யாருடையது என்று மட்டும் கேட்டேன். என்னை நீக்கிவிட்டான். அடுத்த வாரம் அத்தை வீட்டில் நேருக்கு நேர் கேட்டபோது எல்லார் முன்னாலும் சிரித்தான்.

"ஒனக்கு சத்தம்தான் புடிக்கும். சங்கீதம் தெரியாது. மைக் செட்டுக்காரர் மகதான நீ?"

அவனுக்குக் காது குத்தியதே என் அப்பாவின் மடியில் உட்கார வைத்துத்தான். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அழுத வாய், அதே தாய்மாமனின் தொழிலைச் சொல்லிச் சிரித்தது. சத்தம்தானே பிடிக்கும் என்றாய், இரு என்று அன்றே முடிவு செய்தேன்.

அவன் சகிக்க மாட்டாத இசை எது என்று தேடிக்கொண்டு போனதில்தான் நாய்ஸ் ராக் அகப்பட்டது. ஒரு வீடியோவில், ஒரு சின்ன அறையில் மூன்று பேர். கிடார் வாசிக்கிறவள் கிடாரைத் தன் ஸ்பீக்கர் பெட்டிக்கு நேராகத் திருப்பிப் பிடிக்கிறாள். ஊளை கிளம்புகிறது. என் கை தானாகப் போய்ப் பாட்டை நிறுத்திவிட்டது.

அதற்குக் காரணம் என் அப்பா. காதுகுத்தோ கல்யாணமோ கோயில் விசேஷமோ, மைக் என்றால் எப்போதாவது ஊளையிடும். ஸ்பீக்கரின் சத்தமே திரும்ப மைக்குக்குள் போய், சுற்றிச் சுற்றிப் பெருகி வருகிற கூச்சல் அது. அப்பாவின் செட்டில் மட்டும் அது வராது. மற்றவர் காதுக்கு எட்டும் முன்பே அவர் காதுக்கு எட்டிவிடும், விரல் வால்யூம் குமிழைத் திருப்பியிருக்கும். வல்லத்திராக்கோட்டை வரைக்கும் அவருக்கு அந்தப் பெயர்தான். "அவரு செட்டா? ஊளையே வராதுப்பா" என்பார்கள். அவர் படிக்கவில்லை, பெரிதாக எதுவும் சேர்க்கவில்லை. அந்த ஒரு வாக்கியம்தான் அவருடைய சொத்து.

அப்படிப்பட்டவர் வளர்த்த காது என்னுடையது. அதனால் நாய்ஸ் ராக் எனக்கு உடனே பிடிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாம் முறை கேட்டேன். நாலாம் முறையோ ஐந்தாம் முறையோ, திருமயம் ரோட்டில் பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தபோது, திடீரென்று வழி திறந்தது. ஹெவி மெட்டலில் கோபம் சீருடை போட்டு அணிவகுத்து வரும். இங்கே அது தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, நடுத்தெருவில் நின்றது. என் கோபமும் அப்படித்தான் இருந்தது. கோபம் வந்தால் நான் தாளத்தில் கத்துவதில்லை. கிடார் வாசித்த அந்தப் பெண் ஊளையை அடக்கவில்லை. கிடாரைக் கொஞ்சம் சாய்த்தால் அது வளைந்தது, நிமிர்த்தினால் ஏறியது. அப்பா ஆயுசு முழுக்க வராமல் தடுத்த ஒன்றை அவள் வாசித்துக்கொண்டிருந்தாள்.

பழிவாங்க வழியும் அதிலேயே கிடைத்துவிட்டது.

அத்தை மகளின் குழந்தைக்கு வல்லத்திராக்கோட்டையில் காதுகுத்து. தாய்மாமன் என் அத்தை மகன்தான். மற்ற தாய்மாமன்கள் சீர்வரிசையோடு வெடியும் மேளமும் கொண்டுவருவார்கள். இவன் கூடுதலாகத் தன் குழுவையும் கொண்டுவந்தான். சீர் இறங்கி, குழந்தை அவன் மடியில் உட்கார்ந்து காது குத்தி முடிந்ததும், பந்தலில் பகல் பதினொரு மணிக்கு மூன்று பாட்டு. செட்டு அப்பாவுடையது. லீவு நாளில் அப்பாவுக்குக் கூடமாட வேலை செய்வது எனக்குச் சின்ன வயதுப் பழக்கம், அதனால் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் உள்ள மிக்ஸருக்குப் பக்கத்தில் நானும் இருந்தேன்.

முதல் பாட்டு நன்றாகப் போனது. கிழவர்கள்கூடத் தலையாட்டினார்கள். அத்தை வந்து அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தார்.

"மொதப் பந்தி ஓடிக்கிட்டு இருக்குண்ணே, வாங்க. கூடப் பொறந்த அண்ணன் நீங்க, கடைசியில உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

"இந்தா பாத்துக்க ஆத்தா, ரெண்டு வாய் சாப்ட்டு வாரேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அப்பா போனார். எங்கள் பக்கம் மகளையும் செல்லமாக ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

அவர் பந்திக் கொட்டகைக்குள் மறையும் வரை காத்திருந்தேன். போனில் பதிவை ஓட விட்டேன். பிறகு அவனுக்கே அனுப்பி வெறுப்பேற்றலாம் என்ற எண்ணம். மேடை ஓரத்தில் இருந்த ஸ்பீக்கர் பெட்டியைக் காலாலேயே அவன் கிடாரில் மாட்டியிருந்த மைக்கைப் பார்த்துத் திருப்பினேன். இரண்டாம் பாட்டு தொடங்கியதும் குமிழை ஏற்றினேன்.

ஊளை வந்தது. அவன் முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கம்பியை அமுக்கினான், நிற்கவில்லை. பின்னால் போனான், முன்னால் வந்தான், ஒவ்வொரு அடிக்கும் சத்தம் வேறு மாதிரி மாறியது. டிரம் வாசித்தவன் கையைத் தூக்கியபடி நின்றான். குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு குதித்தன. சொந்தக்காரர்கள் மொத்தப் பேரும் அவனையே பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் இனித்தது. இதுதான் சத்தம், நல்லாக் கேளு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பழிவாங்கினால் நிம்மதி கிடைக்காது என்று சொல்பவர்கள் சரியாகப் பழிவாங்கியதில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் குமிழைக் கொஞ்சம் இறக்கினால் ஊளை ஆழத்துக்குப் போவதும், ஏற்றினால் உச்சிக்குத் தாவுவதும் என் விரலுக்குப் புரிந்துவிட்டது. இறக்கினேன், ஏற்றினேன், மறுபடியும் மறுபடியும். அவனை மறந்தே போனேன். என் வாழ்க்கையில் முதன்முதலாக நான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா இலையை விட்டு எழுந்து ஓடி வந்தார். வலது கையில் சோறும் சாம்பாரும். இடது கையால் எல்லாவற்றையும் அணைத்தார். ஒரு மைக்கை மட்டும் திறந்து, "எல்லாரும் மன்னிக்கணும். செட்டுல கோளாறு. தப்பு என்னோடதுதான்" என்றார்.

அத்தை மகன் மேடையிலிருந்து இறங்கி வந்து அவர் தோளில் கை போட்டான். "விடுங்க மாமா, பரவால்ல. பழைய செட்டுதான?" என்று ஊர் கேட்கச் சொன்னான். பக்கத்தில் யாரோ, "இவரு செட்டும் ஊளையிட்டுருச்சே" என்றார்கள். நான் குனிந்து வயரைச் சுற்ற ஆரம்பித்தேன்.

சாமான்களை வண்டியில் ஏற்றும்போது அப்பா, "கோளாறு மூணு தடவ ஏத்தி எறக்காது" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு எந்த விசேஷத்திலும் அவர் பந்திக்குப் போவதில்லை. இலையை மடித்து வாங்கிவந்து மிக்ஸருக்குப் பக்கத்திலேயே சாப்பிடுகிறார், இடது கை குமிழின் மேல் இருக்கும்.

ஒரு மாதம் கழித்து அத்தை மகனிடமிருந்து மெசேஜ். அந்த ஊளை அவன் மண்டையை விட்டுப் போகவில்லையாம். யாரிடமாவது பதிவு இருக்கிறதா, புதுப் பாட்டின் தொடக்கத்தில் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருந்தான். அதையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. அது என்னுடையது என்று சொல்ல வேண்டுமென்றால், அன்று செய்தது நான் என்றும் சொல்லியாக வேண்டும்.

அவனுக்குத் தனியாகப் பதில் போடவில்லை. அத்தை, சித்தப்பா, பெரியம்மா என்று எல்லாரும் இருக்கிற குடும்ப குரூப்பில் எழுதினேன்: "காதுகுத்துல அப்பா செட்டுல கோளாறு இல்ல. ஊளைய வேணும்னே விட்டது நான். வாசிச்சதும் நான்தான். பதிவ யாருக்கும் தர மாட்டேன்." அத்தை இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அவனும் பேசுவதில்லை, அதில் எனக்கு வருத்தம் துளியும் கிடையாது.

அப்பா மறுநாள் தன் மைக் செட் கடையில் வயர் சுற்றிக்கொண்டே, "அதப் போடு, கேப்போம்" என்றார். போட்டேன். நாற்பது விநாடி ஊளையையும் கண்ணை மூடிக் கேட்டார். விரல் ஒருமுறை தானாக அசைந்தது. முடிவில் அவர் குரலே வந்தது: எல்லாரும் மன்னிக்கணும், செட்டுல கோளாறு, தப்பு என்னோடதுதான்.

கண்ணைத் திறந்தார். "மத்தது இருக்கட்டும். நான் பேசுறத மட்டும் வெட்டிரு ஆத்தா" என்றார்.

சரி என்று தலையாட்டினேன். போனை எடுத்து உட்கார்ந்து எத்தனையோ தடவை வெட்டப் பார்த்துவிட்டேன். முடியவில்லை. அத்தை மகனை நினைத்து முதல் நாற்பது விநாடியைச் சிரித்துக்கொண்டே கேட்கிறேன். அப்பா பேச ஆரம்பித்ததும் என் விரல் போனில் இல்லாத குமிழைத் தேடுகிறது.