அப்பாவின் சாவை வேறொருவர் குரலில் கேட்டேன்

என் முதல் நாவலை எந்தப் பதிப்பாளரும் தொடவில்லை. நாமே போட்டுவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்னூல் தளத்தில் ஏற்றினேன். அட்டைப்படம் தங்கை செய்து கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் அப்பாவோடு நான் இருந்த கடைசி மூன்று நாட்கள்தான் கதை.

இரண்டு மாதம் யாரும் சீண்டவில்லை. பிறகு யாரோ ஒரு வாசகர் குழுவில் அதைப் பற்றி எழுத, மளமளவென்று விற்றது. முகம் தெரியாதவர்களெல்லாம் நூலின் கீழே தங்கள் அப்பாக்களைப் பற்றி எழுதினார்கள். ஆபீஸில் பைலுக்கு நடுவே போனை வைத்து அதையே படித்துக்கொண்டிருந்தேன்.

அப்படியொரு காலையில்தான், சானடோரியம் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். பெண்கள் பெட்டி. பக்கத்தில் நர்ஸ் உடுப்பில் ஒரு பெண், போனில் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்பா இடதுகால் செருப்பை வலதுகாலில் மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போகலாம் என்றார்.”

ஓர் ஆணின் குரல். அந்தச் செருப்பைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

“சவுண்டு அதிகமா இருக்காக்கா?” என்றாள் அந்தப் பெண்.

“இது யார் கதைம்மா?”

“இவரோடதுதான். சொந்த அப்பாவாம், பாவம். டெய்லி ஒரு எபிசோடு போடறாரு. நான் நேத்து அழுதுட்டேன்க்கா.”

திரையைக் காட்டினாள். தாடி வைத்த ஓர் இளைஞன். கீழே நூற்றுக்கணக்கான ஆறுதல்கள். கிண்டியில் இறங்க மறந்து சைதாப்பேட்டையில் இறங்கினேன்.

அன்றே அந்த வீடியோ தளத்துக்கும் என் மின்னூல் தளத்துக்கும் புகார் எழுதினேன். மறுநாள் மின்னூல் தளத்திலிருந்து பதில் வந்தது. இதே எழுத்து இணையத்தில் வேறொருவர் பெயரில் இருப்பதால் என் நூலை நீக்கிவிட்டார்களாம். உரிமை என்னுடையது என்று நிரூபிக்க வேண்டுமாம். இரண்டு முறை படித்தும் புரியாமல் கணவரிடம் நீட்டினேன்.

“திருடினவன விட்டுட்டு உன்னைத் தூக்கிட்டானுங்களா?” என்றார்.

தங்கைதான் காப்பாற்றினாள். ஒவ்வோர் அத்தியாயம் எழுதியதும் அவளுக்கு மெயில் அனுப்பியிருந்தேன். தேதியோடு எல்லாவற்றையும் தேடியெடுத்து அனுப்பினாள். மூன்று வாரம் கழித்து நூல் திரும்பி வந்தது. ஆனால் ஒரு வாசகர் கருத்துகூட இல்லை. நேற்றுதான் ஏற்றியது போல வெறுமையாக இருந்தது.

வீடியோக்களும் போய்விட்டன. அடுத்த வாரம், புகாரில் நான் கொடுத்திருந்த நம்பருக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது.

“மேடம், சத்தியமா உங்களுதுன்னு தெரியாது. ஸ்கிரிப்ட் எழுதித் தர்றேன்னு ஒருத்தன் வித்தான். காசு குடுத்துதான் வாங்கினேன்.”

“உங்க சொந்த அப்பான்னு சொன்னீங்களே?”



“எனக்கு அப்பா முகமே தெரியாது மேடம். படிக்கப் படிக்க… அப்படியே வாயில வந்துடுச்சு.”

திட்டுவதற்கென்று நாள்கணக்கில் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் வெளியே வரவில்லை. “இனிமே அப்படிச் சொல்லாதீங்க” என்று மட்டும் சொன்னேன்.

“சரிங்க மேடம்” என்றான். இருவரும் உடனே போனை வைக்கவில்லை.